இலைக்கு எத்தனை டிகிரி?

கத்திரி வெயில் பிறந்துவிட்டால் மாலைச் செய்தியின் முதல் வரியே வெப்பநிலைதான். வேலூர் 41, திருத்தணி 42, மதுரை 40 என்று ஊர்வாரியாக வாசிப்பார்கள். அந்த எண்கள் வானிலை மையத்தின் வெள்ளை மரப்பெட்டிக்குள்ளிருந்து வருபவை. நான்கு பக்கமும் சரிவுப் பலகைகள் வைத்து, காற்று புகுந்து வெளியேறும்படியும் வெயில் நேரே படாதபடியும், தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் நிற்கும் பெட்டி அது. ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. எழுத்தாளர் ஆர்.எல். ஸ்டீவன்சனின் அப்பா அவர்.

மொட்டைமாடியில் கறுப்புப் பையில் நிற்கும் தக்காளிச் செடிக்கு அப்படி ஒரு பெட்டி இல்லை. செய்தியில் 40 என்று சொல்லும் நாளில், அதன் காலடியில் இருக்கும் சிமென்ட் தளம் 55 டிகிரியைத் தாண்டிவிடும். பையின் மேற்குப் பக்கத்தைத் தொட்டால் கை சுடும். நேரம் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் பூவெல்லாம் காம்போடு உதிர்கிறதே என்று உரக்கடைக்குப் போய் டானிக் வாங்கி வந்து தெளிப்பவர்கள் ஏராளம். உரத்தில் குறை இல்லை. பகல் 35ஐயும் இரவு 24ஐயும் தாண்டிப் போனால் தக்காளியின் மகரந்தம் உயிர்ப்பை இழந்துவிடுகிறது. அதிலும் பூ விரிவதற்கு ஒன்றரை வாரம் முன்பு, சின்னஞ்சிறு மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் கட்டம்தான் சூட்டுக்கு மிகவும் அஞ்சுவது. ஆக, இன்றைக்கு உதிரும் பூவுக்குக் காரணம் இன்றைய வெயிலாக இருக்க வேண்டியதில்லை. போன வார வெயிலாகவும் இருக்கலாம். தப்பிப் பிழைத்த காயும் 32 டிகிரிக்கு மேல் சரியாகச் சிவக்காது. சிவப்பு நிறமி உருவாவது அந்தச் சூட்டில் நின்றுபோக, பழத்தின் தோள்பட்டை மஞ்சளாகவே தங்கிவிடும்.

காற்றின் வெப்பநிலை ஒன்று, இலையின் வெப்பநிலை இன்னொன்று, வேரின் வெப்பநிலை வேறொன்று. இரவு, பகல் என்று இரண்டு கணக்கும் தனியே உண்டு. இவற்றை ஒரே எண்ணாக நினைத்துக்கொள்வதால்தான் லட்சக்கணக்கில் செலவழித்துப் போட்ட பசுமைக்குடிலிலும் பயிர் வதங்குகிறது, நூறு ரூபாய்க்கு வாங்கிய தொட்டிச் செடியும் வாடுகிறது.

குளிர் நாட்டில் பிறந்த கூடாரம்

பசுமைக்குடில் குளிர் நாட்டுக்காரர்களின் கண்டுபிடிப்பு. ஐரோப்பியப் பனிக்காலத்தில் ஆரஞ்சும் அன்னாசியும் பிழைக்க வேண்டும் என்பதற்காகக் கண்ணாடிக் கூடம் கட்டினார்கள். லண்டன் கியூ தோட்டத்தின் பனை மாளிகை 1848இல் எழுந்தது. உள்ளே வந்த வெப்பம் வெளியே போய்விடக் கூடாது என்பதே அவர்களது கவலை.

கண்ணாடி எப்படி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது? வெயில் உள்ளே வரும், தரை சூடேறி விடும் வெப்பக் கதிர் வெளியே போகாது, அதனால்தான் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அமெரிக்க இயற்பியலாளர் ஆர்.டபிள்யூ. வுட் 1909இல் இதைச் சோதித்துப் பார்த்தார். இரண்டு பெட்டிகளில் ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றதை, வெப்பக் கதிரைத் தாராளமாக வெளியே விடும் பாறை உப்புப் பலகையாலும் மூடினார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. பகலில் குடில் சூடேறுவதற்கு முதல் காரணம், சூடான காற்று மேலெழுந்து தப்பிக்க வழியில்லாமல் போவதுதான் என்பது அதில் தெளிவானது. வெயிலில் கண்ணாடி ஏற்றிப் பூட்டிய காருக்குள் நடப்பதும் இதுவே.

நமக்கு இது மிக முக்கியமான செய்தி. சிக்கல் காற்றில் இருக்கிறது என்றால் தீர்வும் காற்றில்தான் இருக்கிறது.

ஓசூரில் அதைக் கண்ணால் பார்க்கலாம். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்; இரவில் இதமான குளிர்; காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ‘தாஜ்மகால்’ ரகச் சிவப்பு ரோஜாவும், குடை மிளகாயும், ஜெர்பெராவும் விளையும் வட்டாரம். இங்கே பெரும்பாலான குடில்களில் மின்விசிறி கிடையாது. இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே 200 மைக்ரான் பாலித்தீன் தாள், உச்சியில் நீளவாக்கில் ஒரு திறப்பு, பக்கவாட்டில் சுருட்டி ஏற்றும் திரை, அவ்வளவுதான். காலையில் வெயில் ஏறத் தொடங்கியதும் ஆள் வந்து கைப்பிடியைச் சுழற்றுவார். திரை மெல்லச் சுருண்டு மேலே போகும். பக்கவாட்டில் குளிர்ந்த காற்று நுழையும். உள்ளே இருந்த சூடான காற்று உச்சித் திறப்பு வழியே வெளியேறும். இந்தத் திறப்புகளை மூடியே வைத்திருந்தால், வெளியே 33 டிகிரி இருக்கும் நண்பகலில் உள்ளே 45ஐத் தாண்டிவிடும்.

திறப்புகளின் மொத்தப் பரப்பு தரைப் பரப்பில் 20 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் அங்கேயும் ஓர் இழுபறி உண்டு. வெள்ளை ஈ உள்ளே வராமலிருக்க 40 மெஷ் வலை அடிக்கிறார்கள். பூச்சியைத் தடுக்கும் வலை காற்றையும் பாதி தடுத்துவிடுகிறது. தூசி படிந்தால் இன்னும் மோசம். வலை அடிப்பதென்றால் திறப்பையும் பெரிதாக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது தண்ணீர் பீய்ச்சி வலையைக் கழுவ வேண்டும். குடில் போட்டுக் கொடுக்கும் பல ஒப்பந்தக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. மானிய அளவுக்குள் செலவை அடக்குவதற்காகக் கூரை உயரத்தைக் குறைப்பதும், உச்சித் திறப்பைக் கண்துடைப்பாக வைப்பதும் நடக்கிறது. உயரம் குறைந்தால் சூடான காற்று செடியின் தலைக்கு மேலேயே தேங்கி நிற்கும். அந்தப் பணத்தில் எதை வேண்டுமானாலும் குறைக்கலாம், உயரத்தைக் குறைக்கக் கூடாது.

நிழல்வலையைக் கட்டும் இடத்திலும் கவனம் வேண்டும். கறுப்பு வலையைக் கூரைக்குக் கீழே, உட்புறமாகக் கட்டினால் அது வெயிலை வாங்கித் தானே சூடாகி, அந்தச் சூட்டைச் செடியின் மேல் இறக்கும். அதே வலையைக் கூரைக்கு வெளியே ஓரடி இடைவெளி விட்டுக் கட்டினால் வெப்பம் வெளியிலேயே நின்றுவிடும். உள்ளேதான் கட்ட முடியும் என்றால் அலுமினியம் பூசிய வலை மேல். ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவில் முப்பதாயிரம் ஹெக்டேருக்குமேல் பிளாஸ்டிக் குடில்கள் இருக்கின்றன. அங்குள்ள விவசாயிகள் கோடைக்கு முன் கூரைமேல் வெள்ளைப் பூச்சு அடித்துவிடுவார்கள். அத்தனை கூரைகளும் சேர்ந்து வெயிலைத் திருப்பி அனுப்பியதில், சுற்றுவட்டாரம் சூடாகிக்கொண்டிருக்க அந்தப் பகுதி மட்டும் சற்றே குளிர்ந்ததாக 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது.

ஓசூருக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று

பேடு-ஃபேன் என்று ஒரு முறை உண்டு. ஒரு பக்கச் சுவரில் ஈரமான அட்டை, எதிர்ச்சுவரில் பெரிய விசிறி. விசிறி காற்றை இழுக்க, வெளிக்காற்று ஈர அட்டை வழியாகக் குளிர்ந்து உள்ளே வரும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. விளம்பரப் படத்தில் பார்த்தால் எந்த ஊரிலும் ஊட்டியைக் கொண்டுவந்துவிடலாம் போலிருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்மாவட்டம் ஒன்றில் 35 டிகிரி, ஈரப்பதம் 25 சதவிகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றை ஆவியாதலால் குளிர்விக்க முடிந்த கடைசி எல்லை ஏறக்குறைய 21 டிகிரி. நல்ல அட்டை அந்தத் தூரத்தில் 80 சதவிகிதத்தைக் கடக்கும். உள்ளே 24 டிகிரியில் காற்று கிடைக்கும். ரோஜா சொகுசாக வளரும். இப்போது சென்னைக்கு வாருங்கள். 38 டிகிரி, கடற்காற்றில் ஈரப்பதம் 50 சதவிகிதம். எல்லையே 29 டிகிரி. அதே அட்டை, அதே விசிறி, அதே மின்கட்டணம். கிடைப்பது 31 டிகிரி. இரவில் ஈரப்பதம் 80ஐத் தாண்டும்போது அந்த இயந்திரம் சும்மா சுற்றுவதற்குச் சமம். இதை நம்பிக் கடலோர ஊர்களில் கார்னேஷன் வளர்க்கப் போவது கைக்காசைக் கரைக்கும் வேலை. நிழல்வலைக் குடிலும் கீரையும் வெள்ளரியும் அங்கே பொருந்தும்.

ஃபாகர் எனப்படும் பனித்தூவல் குழாய்களுக்கும் இதே விதி. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 23 கிராம் நீராவியைத் தாங்கும். 35 டிகிரியில் சுமார் 40 கிராம். சூடான வறண்ட காற்றுக்குத் தாகம் அதிகம். அது இலையிலிருந்து நீரை உறிஞ்சும். வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடிய கணத்திலிருந்து இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வழியின்றி, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகிவிடும். உணவு தயாரிப்பும் நிற்கும். வறண்ட ஊரில் நண்பகலில் சில விநாடிகள் ஃபாகர் ஓடினால் அந்தத் தாகம் அடங்கி, துளைகள் திறந்தபடியே இருக்கும். அதற்காகத்தான் தூவுகிறோமே தவிர இலையை நனைப்பதற்காக அல்ல. இலையில் நீர் சொட்டினால் பூஞ்சாணத்துக்குக் கதவு திறந்த மாதிரி.

இரவுதான் கணக்கைத் தீர்க்கிறது

வெயிலைப் பற்றியே பேசுகிறோம். பயிரின் லாப நஷ்டத்தைப் பல சமயம் முடிவுசெய்வது இரவு.

பகலில் சேர்த்த சர்க்கரையில் ஒரு பகுதியை இரவில் செடி மூச்சுவிடுவதற்குச் செலவழிக்கிறது. இரவு சூடானால் செலவு கூடும். பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் கணக்கை வைத்து 2004இல் வெளியான ஆய்வு, வறண்ட பருவ நெல்லில் இரவு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் விளைச்சல் 10 சதவிகிதம் சரிவதாகச் சொன்னது. மாமரம் பூக்கக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். மார்கழி சூடாக இருந்தால் பூவுக்குப் பதில் கொழுந்து தள்ளும். மதுரை மல்லிக்கோ நேர் எதிர். பங்குனி, சித்திரை வெயிலில் கொட்டித் தீர்க்கும் பூ, பனி இறங்கியதும் மொட்டு வைக்கத் தயங்கும். தை முகூர்த்தத்தில் கிலோ ஆயிரக்கணக்கில் விலை ஏறுவதற்கு அந்தத் தயக்கமே காரணம்.

ஓசூர் ரோஜாக்காரர்களின் நெஞ்சிடிப்பும் தை மாத இரவுகளில்தான். பிப்ரவரி 14க்குப் பூ வேண்டுமென்றால் டிசம்பரில் கவாத்து செய்தாக வேண்டும். குளிர்ந்த இரவு நல்ல கனமான மொட்டைக் கொடுக்கும். அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் மொட்டு விரிய நாள் தள்ளிப்போய் விமானத்தைத் தவறவிடும். பாலித்தீன் தாளைப் பற்றிய விசித்திரமான உண்மையும் இங்கேதான் கடிக்கிறது. கண்ணாடி வெப்பக் கதிரைத் தடுக்கும்; சாதாரணப் பாலித்தீன் பாறை உப்பைப் போல அதை வெளியே விட்டுவிடும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் மூடிய பாலித்தீன் குடிலுக்குள் வெளியைவிட ஓரிரு டிகிரி குறைவாகவே இருப்பதுண்டு. மாலை நாலு மணிக்குப் பக்கத் திரையை இறக்கி வெப்பத்தைப் பூட்டியாகிவிட்டது என்று தூங்கப் போனவர், விடிந்து வந்து பார்த்தால் கூரையின் உட்புறமெல்லாம் நீர்த்துளி. அது சொட்டி இலை நனைந்து, நாலைந்து நாளில் டவ்னி நோய் கண்ணில் படும். திரையை இறக்கினாலும் உச்சித் திறப்பைக் கொஞ்சம் விட்டுவைப்பதும், விடிந்ததும் ஈரக்காற்றை வெளியேற்றுவதும், உள்ளே இரவுத் திரை ஒன்றைக் கட்டுவதும் மருந்தடிப்பதைவிட மலிவு.

உறைபனிக்கு மிலார்

நீலகிரியில் ஐப்பசி வாக்கில் நீர்ப்பனி தொடங்கும். பிறகு உறைபனி. ஊட்டியில் குறைந்தபட்சம் 3 டிகிரி என்று செய்தி வரும் காலையில் தலைக்குந்தா, காந்தல், அவலாஞ்சிப் பள்ளங்களில் புல்வெளி வெள்ளை விரித்துக் கிடக்கும். பெட்டிக்குள் 3 டிகிரி. வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும் புல்லிலோ பூஜ்ஜியத்துக்குக் கீழே. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். சரிவின் நடுவில் நிற்கும் தேயிலை தப்பிக்க, கீழே பள்ளத்துத் தேயிலை கருகிவிடும்.

1848இல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் பொறுப்பேற்று உருவாக்கிய ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளை மிலார் செடிகளால் மூடி வைப்பார்கள். தேயிலைத் தோட்டங்களில் தாகைச் செடியை வெட்டி இளஞ்செடிகளின் மேல் போடுவார்கள். காசில்லாத கூரை அது. செடியிலிருந்து வானத்துக்கு ஓடும் வெப்பத்தை மறிக்கும், காற்றையும் விடும். அதற்கு ஈடான பிளாஸ்டிக் தாள் இன்னும் வரவில்லை என்பேன். தாள் இலையைத் தொட்ட இடத்தில் பனி ஏறிவிடும்.

தெளிப்பான் வைத்துக் காப்பதும் உண்டு. ஒரு லிட்டர் நீர் உறையும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை வெளியிடும். அது செடிக்குப் போர்வை. ஆனால் ஒரு லிட்டர் நீர் ஆவியாக அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சும். தொட்டியில் தண்ணீர் தீர்ந்தோ மின்சாரம் போயோ பாதி இரவில் தெளிப்பு நின்றால், நனைந்த செடி நனையாத செடியைவிட மோசமாகக் கருகும். வெயில் ஏறிப் பனி உருகும்வரை விடாமல் ஓட்ட முடியும் என்றால் மட்டுமே இதில் இறங்க வேண்டும்.

ஊட்டிக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு 1829இல் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் பெரணி தானாக வளர்வதைக் கவனித்தார். அதிலிருந்து கடல் கடந்து செடிகளைக் கொண்டுபோகும் ‘வார்டு பெட்டி’ பிறந்தது. மலேரியாவுக்கு மருந்தான சின்கோனாவை 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டிலிருந்து அந்தப் பெட்டிகளில் ஏற்றினார். உப்புக் காற்றிலிருந்து கண்ணாடி காப்பாற்றியது. செங்கடலின் வெக்கையிலிருந்து காப்பாற்ற முடியவில்லை. ஆண்டிஸ் மலைக் குளிரில் வளர்ந்த செடிகள் நொந்துபோய் ஊட்டி வந்து சேர்ந்து மாண்டன. ஈக்வடாரில் ரிச்சர்டு ஸ்புரூஸ் சேகரித்து, ராபர்ட் கிராஸ் 1861இல் கொண்டுவந்த வேறு இனம் பிழைத்தது. மெக்ஐவர் அதை நாற்றாக்கிப் பெருக்க, தொட்டபெட்டாவும் நடுவட்டமும் சின்கோனாக் காடாயின.

உயிருள்ள கூரை

வெப்பத்தை இறக்கும் குடிலை நாம் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. சோழவந்தானிலும் ஆத்தூரிலும் கரூர் காவிரிக் கரையிலும் கொடிக்கால் இருக்கிறது.

வெற்றிலைக்கு நிழலும் ஈரமும் வேண்டும். வறண்ட அனல் காற்று ஆகாது. ஆனால் அது விளைவதோ வெயில் கொளுத்தும் சமவெளியில். நம்மவர்கள் முதலில் அகத்தியை வரிசையாக நெருக்கி விதைப்பார்கள். அது தலை நிமிர்ந்த பிறகு அதன் காலடியில் வெற்றிலைக் கொடியை நட்டு, நாரால் மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போவார்கள். அகத்தியின் சிறிய இலைகள் வெயிலை வடிகட்டிப் பொட்டுப் பொட்டாக இறக்கும். வரிசைகளுக்கிடையே வாய்க்காலில் நிற்கும் நீர் காற்றை ஈரமாக்கும். அனல் காற்று நுழையாமல் ஓரத்தில் வாழையோ கீற்றுத் தட்டியோ நிற்கும். மே மாத மத்தியானத்தில் வரப்பிலிருந்து கொடிக்காலுக்குள் ஓரெட்டு வைத்தால் முகத்தில் படும் காற்றே மாறிவிடும்.

இந்தக் கூரையைப் பருவத்துக்கேற்பக் கூட்டலாம், குறைக்கலாம். கோடையில் அடர்த்தியாக விட்டு, மழை மூட்டம் வந்ததும் கிளை கழித்து வெளிச்சம் விடுவார்கள். கழித்தது மாட்டுக்குத் தீவனமும் சந்தைக்குக் கீரையும். வேரோ மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும். நிழல், ஈரம், காற்றுத் தடுப்பு மூன்றையும் மின்சாரமில்லாமல் தரும் இந்த அமைப்பை நம் வேளாண் பொறியியல் வகுப்புகள் குடில் வடிவமைப்பின் முதல் பாடமாக வைக்க வேண்டும். சோழவந்தான், ஆத்தூர் வெற்றிலைகள் புவிசார் குறியீடு வாங்கிவிட்டன. இலைக்குக் கிடைத்த மரியாதை கொடிக்கால் எனும் அமைப்புக்கும் கிடைக்க வேண்டும்.

மாடியும் கூடமும்

மொட்டைமாடியில் முதலில் காப்பாற்ற வேண்டியது வேரை. மண் 35 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகளின் வேர் சுணங்கிவிடும். ஈரமிருந்தும் செடி வாடும். பையைத் தளத்தில் வைக்காமல் நாலு செங்கல் மேல் ஏற்றினாலே அடியில் காற்று ஓடும். வெளிப்பக்கம் வெள்ளையான பை வாங்குங்கள். கறுப்புப் பைதான் இருக்கிறது என்றால் பழைய சாக்கை நனைத்து மேற்குப் பக்கம் சுற்றுங்கள். பைகளை நெருக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று நிழல். மேல்மண்ணில் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ இரண்டு அங்குலம் மூடாக்கு. பச்சை வலை 50 சதவிகிதம் போதும். செடியின் தலையிலிருந்து மூன்றடியாவது உயரத்தில், காலை வெயில் தாராளமாக விழும்படி கட்டுங்கள். குழாயைத் திறந்ததும் வரும் முதல் வாளித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். மாடிக் குழாயில் கிடந்த நீர் கொதிக்கும்.

இத்தனையும் செய்தாலும் மே மாதத்தில் தக்காளியையும் காலிஃபிளவரையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெண்டை, கொத்தவரை, புடலை, தண்டுக்கீரை எல்லாம் அந்த வெயிலுக்கென்றே பிறந்தவை. தக்காளிக்கு ஆடிப்பட்டம் இருக்கிறது.

வீட்டுக்குள் வேறு சிக்கல். மணி பிளான்டும் பாம்புச் செடியும் நம் அறை வெப்பத்தை அலட்சியமாகத் தாங்கும். ஏசி காற்று நேராகப் படும் இடம்தான் ஆபத்து. குளிரைவிட அதன் வறட்சி இலை நுனியைக் கருக்கும். மேற்கு ஜன்னல் கண்ணாடியை ஒட்டி வைத்த செடி பிற்பகலில் வேகும்.

அதிகம் ஏமாற்றம் தருவது ஃபெலனாப்ஸிஸ் ஆர்க்கிட். கடையில் வாங்கும்போது பூத்துக் குலுங்கியது, வீட்டுக்கு வந்து இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். உரம் மாற்றி, இடம் மாற்றிப் பார்த்துச் சோர்ந்துபோவார்கள். 28 டிகிரிக்கு மேலேயே இருக்கும்வரை அது பூத்தண்டு விடாது என்பதுதான் விஷயம். தொடர்ந்து நாலைந்து வாரம் 25 டிகிரிக்குக் கீழே கிடைக்க வேண்டும். சென்னையில் மார்கழி, தை இரவுகளில் பால்கனியில் வைத்தால் ஓரளவு அமையும். மற்ற மாதங்களில், பகலில் வெளிச்சமான, ஆனால் சூடேறாத ஜன்னலோரமும் இரவில் ஏசி ஓடும் படுக்கையறையும் என்று மாற்றி மாற்றி வைக்கலாம்; காற்று நேரே படாத மூலை பார்த்து, கூழாங்கல்லும் தண்ணீரும் போட்ட தட்டின் மேல். இலையிடுக்கில் பச்சையாக ஒரு முனை நீளும். கையுறை போல மேல்நோக்கி வளைந்து வந்தால் அது பூத்தண்டு, வெள்ளி பூசினாற்போல் உருண்டு வந்தால் வேர். பூத்தண்டு என்று உறுதியானதும் அறை மாற்றுவதை நிறுத்தி, ஜன்னலோரத்திலேயே திசை திருப்பாமல் விட்டுவிடுங்கள்.